பழசு எது, புதுசு எது? ராஜபாளையத்தில் இரண்டு ஆறு சிலிண்டர்களுக்கு நடுவே ஒரு சனிக்கிழமை

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் இடது காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு பழைய கார் வாங்குவதற்கு எதற்கம்மா இவ்வளவு அலட்டல் என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள்.

நான் திருச்சி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டிங் ஆய்வாளர். பத்தொன்பது வருடமாகக் கிரைண்டர் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, அடுத்தவர் போட்ட வெல்டில் குறை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. போன ஆனி மாதம் காது டாக்டர் ஹெட்போன் மாட்டிப் பரிசோதித்துவிட்டு, இடது காதில் மெல்லிய உச்சத்துச் சத்தங்கள் குறைய ஆரம்பித்திருக்கின்றன, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரே ஒரு விஷயம்தான். பன்னிரண்டு வருடமாக அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிப்போட்ட ஆறு சிலிண்டர் டர்போ கார். அந்த டர்போ விசிலைக் கேட்கக் காது இருக்கும்போதே அதை வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நான் குறிவைத்திருந்த ஜெர்மன் காரில் (கம்பெனி பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும்) ஒரே உடம்புக்குள் அடுத்தடுத்து இரண்டு தலைமுறை இன்ஜின்கள் வந்தன. இரண்டும் மூன்று லிட்டர். இரண்டிலும் ஆறு சிலிண்டர், ஒரே வரிசையில். சக்தி காகிதத்தில் ஏறக்குறைய ஒன்றே. பின்பக்கம் ஒட்டியிருக்கும் எண்கூட ஒன்றேதான். வித்தியாசம் டர்போவில், அதாவது புகையின் வேகத்தில் விசிலடித்துச் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறியில். முதல் தலைமுறையில் இரண்டு சின்ன டர்போக்கள், மூன்று சிலிண்டருக்கு ஒன்று. இரண்டாம் தலைமுறையில் ஒரே பெரிய டர்போ. அதன் வாயை உள்ளே இரண்டு வழியாகப் பிரித்து, மூன்று மூன்று சிலிண்டராகப் புகையை வாங்கிக்கொள்கிறது. வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதையும் இன்ஜினே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. முதலாவது சூடாகும், கசியும், செலவு வைக்கும், ஆனால் உயிர் உள்ளது. இரண்டாவது சமர்த்து. இதுதான் இணையத்தில் ஓடும் பேச்சு. நான் எப்போதும் இரட்டை டர்போ கட்சி. இந்த வலைப்பூவிலேயே அதற்காக நான்கு கட்டுரை எழுதிச் சண்டை போட்டிருக்கிறேன். இரண்டில் எதையும் ஒரு தெரு தூரம்கூட ஓட்டாமல்.

புரட்டாசி இரண்டாம் வாரம் எங்கள் கார்ப் பைத்தியங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ராஜபாளையத்தில் ஒருவரிடம் இரண்டு தலைமுறையும் இருக்கிறதாம். ஒன்றைத்தான் கொடுப்பாராம், எதை என்பதை வாங்குபவரே முடிவு செய்யலாமாம். விலை இரண்டுக்கும் ஒன்றே. நான் வெள்ளிக்கிழமைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டேன்.

போகும்போது பஸ், வரும்போது கார் என்று கணக்கு. திருச்சியில் பகல் 1:10க்கு ஏறி மதுரை மாட்டுத்தாவணியில் 4:05க்கு இறங்கினேன். ராஜபாளையம் பஸ் 4:25க்கு. திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் வழி. 6:50க்குப் பழைய பஸ் ஸ்டாண்டு. இரண்டு பஸ்ஸும் சேர்த்து 245 ரூபாய், தூரம் சுமார் 220 கிலோமீட்டர். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் வலது பக்கம் மலையைப் பார்த்துக்கொண்டே வரலாம். எனக்குக் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் தோளிலேயே தூங்கினார்.

லாட்ஜில் ஓர் இரவுக்கு 850 ரூபாய், சுத்தம், வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரை மட்டும். அறைக்குப் போனதும் கார் உரிமையாளருக்கு போன் செய்தேன். பெயர் சீனிவாசன். சத்திரப்பட்டி ரோட்டில் பேண்டேஜ் துணித் தறி வைத்திருப்பவர். அறுபதுக்கு ஒன்றிரண்டு குறைவு.

"நாளைக்கு காலைல அஞ்சரைக்குத் திருவண்ணாமலை போறேன்மா. ஒம்பது மணிக்கெல்லாம் வந்துருவேன். நீங்க காப்பியக் குடிச்சிட்டு மெதுவா வாங்க" என்றார்.

நான் போனை வைத்துவிட்டு மேப்பைத் திறந்தேன். ராஜபாளையத்திலிருந்து திருவண்ணாமலை நானூறு கிலோமீட்டருக்குப் பக்கம். போய்வர எண்ணூறு. மூன்றரை மணி நேரத்தில். ஆறு சிலிண்டர்தான், அதற்கென்று ஓர் அளவு வேண்டாமா? இந்த மனிதர் பொய் சொல்கிறார், காரும் பொய்யாகத்தான் இருக்கும், திரும்பிப் போய்விடலாம் என்று பையைக்கூட மூடிவிட்டேன். வெந்நீர் காலையில்தான் வரும் என்பதால் தங்கினேன்.

காலையில் ஆட்டோக்காரரிடம் கேட்டேன். அவர் வண்டியை நிறுத்தியே சிரித்தார்.

"நீங்க எந்தத் திருவண்ணாமலைய நெனச்சீங்கக்கா? எங்களுக்கு இந்தா இருக்கு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அங்கிட்டு. மலை மேல பெருமாள். புரட்டாசி சனிக்கெழம அம்புட்டு சனமும் அங்கனதான் கெடக்கும். மத்தியானம் அந்தப் பக்கம் வண்டியில போயிறாதீய."

ஒரே பெயரில் இரண்டு ஊர். ஒரே எண்ணில் இரண்டு கார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஆனால் மனிதர் பொய் சொல்லவில்லை என்ற சந்தோஷத்தில் நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஆட்டோ 90 ரூபாய்.

சீனிவாசன் அண்ணாச்சி நெற்றியில் நாமத்தோடு 9:10க்கு வந்து சேர்ந்தார். தறிக் கொட்டகைக்குப் பக்கத்தில் தகர ஷெட். உள்ளே இரண்டு கார்களும் வெள்ளை. ஒரே உயரம், ஒரே நீளம், பின்னால் ஒரே எண். 

"ரெண்டையும் வெச்சிக்கணும்னுதான் ஆசை" என்றார். "புதுத் தறி நாலு வருது. எடமில்ல. ஒண்ணுதான் நிக்கணும்னு வீட்ல சொல்லிட்டாங்க. எதக் குடுக்கன்னு எனக்குச் சொல்லத் தெரியல. அதான் வாரவுக கையில விட்டுட்டேன்."

வீட்டில் சொன்னவர் பத்மா அக்கா, அவருடைய மனைவி. காபி டம்ளரோடு வந்தவர் கணவரைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ கேட்டார். அதில் 'கொத்த பண்டி' என்றொரு சொல் வந்தது. அண்ணாச்சி எனக்காக மொழிபெயர்த்தார்.

"எங்க வீட்ல தெலுங்குல்லா. கொத்த பண்டின்னா புது வண்டி. பாத பண்டின்னா பழசு. எதுல மொதல்ல போறீயன்னு கேக்கா." இடது பக்கம் நின்றதைக் காட்டி, "இது பழசு" என்றார். வலது பக்கத்தைக் காட்டி, "இது புதுசு" என்றார்.

நான் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். வலது பக்கத்துக் காரின் வரிசை எழுத்து பிந்தியது. பின்விளக்கும் பிந்தைய மாடலுடையது. சரிதான் என்று நோட்டைத் திறந்து இரண்டு பத்தி பிரித்தேன். 'பழசு – இரட்டை டர்போ.' 'புதுசு – ஒற்றை டர்போ.' பானெட்டைத் திறந்தும் பார்த்தேன். மேலே இருந்தது கறுப்பு பிளாஸ்டிக் மூடி, இரண்டிலும். டர்போ அதற்கும் கீழே ஆழத்தில் கிடக்கும். நான் வெல்டு பார்ப்பவள், மெக்கானிக் இல்லை.

ஓட்டிப் பார்ப்பதற்கு முன் பட்டியல் வைத்துக் கேள்வி கேட்டேன். அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது.

"பழசுல ஆயில் கசியுமாமே?"

"பழசுலயா? சொட்டு விடாதும்மா. புதுசுலதான் வந்த ரெண்டாம் மாசமே கேஸ்கட் மாத்துனேன்."

"சூடு?"

"புதுசு கொஞ்சம் சுள்ளுனுதான் இருக்கும். தூரமா ஓட்டிட்டு வந்தா செத்த நேரம் சும்மா ஓடவிட்டுப் பொறவுதான் அமத்துவேன். பழசு அதெல்லாம் அலட்டிக்கிடாது."

நான் படித்த எல்லாமே தலைகீழாக வந்தது. இணையத்தில் உள்ளவர்கள் எல்லாம் புளுகுகிறார்களா, இல்லை இவருக்குக் கிடைத்த இரண்டுமே விதிவிலக்கா? நோட்டில் இரண்டு கேள்விக்குறி போட்டேன். போட்டதோடு சரி. இது புதுசு, இது பழசு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. பழசு என்றால் பழசுதானே!

10:05க்குப் 'பழசு'. அண்ணாச்சி பக்கத்தில். தென்காசி ரோட்டில் சேத்தூர் வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு, போக வர 18 கிலோமீட்டர். ஊரைத் தாண்டியதும் வலது கைப் பக்கம் மலை கூடவே வருகிறது, மேலே மேகம் உட்கார்ந்திருந்தது. ரோட்டில் பைக்குகளும் சேத்தூர் பஸ்களும்தான். ஓர் இடத்தில் ரோடு நேராகக் காலியாகக் கிடந்தது. காலை அழுத்தினேன். இன்ஜின் நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்றிலேயே முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல் ஒரு பிடி. இடைவெளியே இல்லை, மிதித்த நொடி வருகிறது. அட அட! நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்: 'பார்த்தாயா, இரட்டை டர்போ என்றால் இதுதான். சின்ன டர்போக்கள் உடனே சுழல்கின்றன. ஒற்றை டர்போவால் இது முடியவே முடியாது.' முடியவே என்பதன் கீழே இரண்டு கோடு. விசில் கேட்டது, ஒரே மெல்லிய இழையாக, வேகத்தோடு மேலே போனது. கேட்கிறதே என்று நிம்மதியாக இருந்தது.

10:50க்குப் 'புதுசு'. அதே ரோடு, அதே இடம், அதே அழுத்தம். இதுவும் நன்றாகத்தான் ஓடியது. கொஞ்சம் முரடு. மூவாயிரம் சுற்று தாண்டியதும் அடிவயிற்றிலிருந்து எழுவதுபோல் ஓர் எழுச்சி. நான் ஒற்றை டர்போவுக்கு எதிரான கட்சி என்பதால், 'பரவாயில்லை ரகம்' என்று எழுதினேன். அப்போதுதான் அது கேட்டது. விசில் ஒன்றில்லை, இரண்டு. ஒன்றோடு ஒன்று ஒட்டியே, ஆனால் ஒன்றில்லை. இரண்டு பேர் ஒரே பாட்டை முணுமுணுக்கும்போது ஒருவர் நூலிழை பிந்துவதுபோல. அண்ணாச்சியிடம் கேட்டேன். தறிச் சத்தத்தில் வாழ்கிறவர். "எனக்கு ஹாரனே சரியாக் கேக்காதும்மா" என்றார்.

சேத்தூரில் ஒரு டீக்கடை முன் நிறுத்தி நோட்டை எடுத்தேன். 'புதுசு: இரண்டு விசில்' என்று எழுதினேன். பேனா நின்றது. ஒற்றை டர்போவில் எப்படி இரண்டு விசில் வரும்? வராது. அப்படியானால் வலது காது ஒன்றும் இடது காது வேறொன்றும் கேட்கின்றன. டாக்டர் சொன்னது இதுதான். போகத் தொடங்கியிருக்கிறது என்றார், இதோ போகிறது. வரியைக் குறுக்கே அடித்தேன். பக்கத்தில் 'காது. நம்பாதே' என்று எழுதினேன். டீ பத்து ரூபாய். என்ன ருசி என்று கேட்காதீர்கள், தெரியாது.

திரும்பி வந்து ஷெட்டில் நின்றபடியே சொல்லிவிட்டேன். "பழசுதான் அண்ணாச்சி. பழசையே எடுத்துக்கிறேன்."

அவர் முகம் மலர்ந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. "நெசமாவா? பழசா? எடுத்துக்கோங்க தாயி, தாராளமா" என்று இரண்டு கையையும் கூப்பிவிட்டார். விற்கிறவர் எதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று எனக்குப் பகீரென்றது. காரில் பெரிய ஓட்டை ஏதாவது இருக்குமோ? ஆய்வாளர் புத்தி. "சாவி வாங்குறதுக்கு முன்னால மெக்கானிக் ஒருத்தர் பார்க்கணும்" என்றேன். அவர் கோபப்படவில்லை. இரண்டு காருக்கும் வேலை பார்ப்பவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் மம்சாபுரம் ரோட்டில் இருக்கிறார், இரண்டையுமே கொண்டுபோவோம், நீங்கள் அங்கிருந்தே மதுரை ரோட்டைப் பிடித்துப் போகலாம், நாங்கள் மற்றதில் திரும்பிவிடுவோம் என்றார்.

ஆட்டோக்காரர் சொன்னதை நான் மறந்துவிட்டேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் 12 கிலோமீட்டர். 12:20க்குக் கிளம்பினோம், 1:35க்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லாத் திசையிலிருந்தும் வேன், டிராக்டர், மஞ்சள் வேட்டி, நாமம் போட்ட குழந்தைகள், அத்தனை பேரும் திருவண்ணாமலைக்கு. முந்நூறு குதிரை சக்தியை வைத்துக்கொண்டு ஒரு கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் இருபது நிமிடம் நின்றேன். இந்த வேகத்தில் இரண்டு தலைமுறைக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் 'பழசை' ஓட்டினேன், பத்மா அக்கா என்னோடு. அண்ணாச்சி முன்னால் 'புதுசில்'. ஆயில் சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுவில் நின்றது நின்றபடி, அசையவில்லை. இரட்டை டர்போ நெரிசலில் கொதிக்கும் என்றார்களே?

"அவரு மொகத்தப் பாத்தீங்களா?" என்றார் பத்மா அக்கா. "புதுசக் கேட்டுருவீங்களோன்னு ராத்திரி பூரா தூங்கல. நாலு வருசம் தேடிக் கேரளாவுல போயி எடுத்துட்டு வந்தாரு. அப்பிடியொரு பைத்தியம்."

எனக்குப் புரியவில்லை. ஒற்றை டர்போ அப்படியொன்றும் கிடைக்காத பொருளில்லையே, அதற்கு எதற்கு நான்கு வருடம்? கேட்கலாம் என்று வாயெடுத்தேன், கரும்புச்சாறு வண்டி நகர்ந்தது.

மெக்கானிக் முத்தையாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பட்டறை வாசலில் மலைக்குப் போகிற வேன் ஒன்றுக்கு பஞ்சர் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி ஓட்டி வந்த 'புதுசு' உள்ளே நுழையும்போதே ஃபேன் ஓலமிட்டது. சூடான ஆயில் வாசனை. நான் ஓட்டி வந்த 'பழசு' ஒன்றுமே நடக்காததுபோல் நின்றது.

"புதுசுக்கு மட்டும் ஏன் இப்படி? இதுல ஒரு டர்போதானே?" என்றேன்.

முத்தையா கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஒருமாதிரி பார்த்தார். "ஒண்ணா? யாருக்கா சொன்னது? ரெண்டுல்லா கெடக்கு."

"இது புதுசு."

"புதுசுதான். அண்ணாச்சி வீட்டுக்கு வந்து ஒன்றரை வருசந்தான் ஆகுது. அதுனால புதுசு. வண்டி பழசுக்கா. அந்தா நிக்கி பாருங்க, நீங்க ஓட்டியாந்தது, அது அண்ணாச்சி ஏழு வருசமா வெச்சிருக்காரு. அதுனால அது பழசு. ஆனா இன்ஜின் பிந்துனது. ஒத்த டர்போ."

"நம்பர்?"

"கேரளா வண்டிய இங்கன மாத்திப் பதிஞ்சா புது நம்பர்தான குடுப்பாவ?"

"பின்விளக்கு?"

"முந்தி வெச்சிருந்தவரு ஆசைக்கு மாட்டிக்கிட்டது."

அண்ணாச்சி டேஷ்போர்டிலிருந்து ஆர்.சி.யை எடுத்து நீட்டினார். தயாரிப்பு வருடம் அதில் அச்சாகியிருந்தது. காலையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கிறது. அவர் முகத்திலும் குழப்பம். அவர் வீட்டில் எது கடைசியாக வந்ததோ அது புதுசு. கொத்த பண்டி. அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று அவருக்கு ஏன் தோன்ற வேண்டும்?

வெட்கத்தில் எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. ஒற்றை டர்போவை ஓட்டிவிட்டு 'இரட்டை டர்போ என்றால் இதுதான்' என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். நான்கு கட்டுரை, பன்னிரண்டு வருடச் சண்டை, எல்லாம் போச்சு. நோட்டைத் திறந்து பத்தித் தலைப்புகளை மாற்றி எழுதப் போனேன். அப்போது அந்த அடித்த வரி கண்ணில் பட்டது.

'புதுசு: இரண்டு விசில்.'

இரண்டு டர்போ. இரண்டு விசில். நான் கேட்டது சரி.

பட்டறை நடுவில், பஞ்சர் வேன்காரர் பார்க்கப் பார்க்க, உட்கார்ந்து அழுதுவிட்டேன். முத்தையா பதறிப்போய் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் காது விஷயத்தைச் சொன்னேன். பட்டறைச் சத்தத்தில் வாழ்கிற மூன்று பேருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்ப சோதிச்சிப் பாத்துருவோம். எடது காது மட்டும்" என்றார் முத்தையா. அண்ணாச்சி காரின் பின்சீட்டிலிருந்து தன் தறியில் நெய்த பேண்டேஜ் துணியில் ஒரு முழம் கிழித்து உருட்டிக் கொடுத்தார். வலது காதில் அழுத்தி வைத்துக்கொண்டேன். இன்ஜின் ஆறட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, முத்தையா ஓட்ட, நான் இடது பக்கம் ஜன்னலை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். மம்சாபுரம் ரோட்டில் ஓரிடத்தில் நீளமான தோப்புச் சுவர் வருகிறது. சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும். அங்கே அவர் ஒரே சீராக அழுத்தினார்.

முதலில் காற்றுதான் கேட்டது. பிறகு இன்ஜினின் அந்த வழவழத்த உறுமல். அதற்கும் மேலே ஓர் இழை. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். இழைக்குப் பக்கத்தில் இன்னோர் இழை. காலையில் கேட்டதைவிட மங்கல்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு.

"ரெண்டு" என்றேன். வலது காது அடைத்திருந்ததால் கத்தியே சொல்லிவிட்டேன்போல. முத்தையா திரும்பி, "எனக்கும் ரெண்டுதாங்க்கா" என்றார்.

பட்டறைக்குத் திரும்பியதும் பிரச்சினை ஆரம்பித்தது. எனக்கு அந்தக் கார் வேண்டும். ஆனால் 'பழசை எடுத்துக்கிறேன்' என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், அவரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நான்கு வருடம் தேடிய காரை எந்த வாயால் கேட்பது? அதோடு இன்னொரு உண்மையும் குடைந்தது. சேத்தூர் ரோட்டில் எனக்கு நிஜமாகவே பிடித்தது ஒற்றை டர்போதான். பெயர் தெரியாமல் ஓட்டியபோது அதைத்தான் புகழ்ந்தேன். ஓட்ட அது நல்லது, கேட்க இது நல்லது. எனக்கு வேண்டியது எது என்று எனக்கே தெரியவில்லை. அதனால் ஒன்றும் கேட்காமல், "சொன்னபடியே செய்வோம் அண்ணாச்சி, பழசையே குடுங்க" என்றேன்.

அவர் இரண்டு கார்களையும் மாறி மாறிப் பார்த்தார். பத்மா அக்கா தெலுங்கில் ஏதோ ஒரே வாக்கியம் சொன்னார். என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அண்ணாச்சி பெருமூச்சு விட்டுவிட்டு, தான் ஓட்டி வந்த காரின் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"நீங்க பழசுன்னுதான கேட்டிய? ஒங்க கணக்குல பழசு இதுதான். வார்த்தைய நான் மாத்தல, நீங்களும் மாத்தல. எனக்கு அந்த விசில் ஒருநாளும் கேட்டதில்லம்மா. கேக்குறவுக வெச்சிக்கோங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அதற்காக நான் வெட்கப்படவும் இல்லை.

காகித வேலை முடிந்து 4:15க்குக் கிளம்பினேன். கிருஷ்ணன்கோவில் வரை நெரிசல், பிறகு ரோடு திறந்தது. மதுரையில் 2,500 ரூபாய்க்கு பெட்ரோல், திருச்சி 8:40. மொத்தம் 208 கிலோமீட்டர், பாட்டே போடவில்லை. வீட்டு வாசலில் அண்ணாச்சி சொன்னபடி செத்த நேரம் ஓடவிட்டுத்தான் அணைத்தேன். பால்கோவா வாங்கவில்லையா என்று வீட்டில் கேட்டார்கள். மறந்தே போனேன்.

போக நினைப்பவர்களுக்கு. புரட்டாசி சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கார் சோதிக்கப் போகாதீர்கள், சாமி கும்பிட மட்டும் போங்கள். ராஜபாளையம்–சேத்தூர் ரோடு காலை எட்டுக்கு முன்பு நன்றாக இருக்கும் என்று அண்ணாச்சி சொன்னார். தினமும் வேலைக்குப் போகக் கார் வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றை டர்போ தலைமுறையை வாங்குங்கள். நெரிசலில் கொதிக்காது, மிதித்தால் வரும், மாற்றினால் ஒரு டர்போதான் மாற்ற வேண்டும். இரட்டை டர்போவை வாங்குகிறவர்கள் கேஸ்கட்டுக்கும் பொறுமைக்கும் தயாராக இருங்கள். எது மேல் என்று கேட்டால், இதுவரை எழுதிய நான்கு கட்டுரைகளையும் நம்பாதீர்கள், எனக்குத் தெரியாது. முக்கியமாக, யாராவது புதுசு என்றால், எப்போதிலிருந்து புதுசு என்று கேளுங்கள். ஆர்.சி.யை முதலில் பாருங்கள், காபியைப் பிறகு குடியுங்கள்.

நோட்டில் அந்த வரியை நான் திருத்தவில்லை. அடித்த கோடு அப்படியே இருக்கிறது, 'காது. நம்பாதே' என்பதும் இருக்கிறது. அதன் பக்கத்தில், தேறிய வெல்டுக்குப் போடுவதுபோல், ஒரு டிக் மட்டும் போட்டிருக்கிறேன். அடுத்த மாதம் காது டாக்டரிடம் போகும்போது அந்தப் பக்கத்தைக் காட்டப் போகிறேன். காரில்தான் போகிறேன், இடது ஜன்னலையும் இறக்கிவிட்டு.